இந்து குஷ்: பெயரில் உறைந்த வரலாறு

காபூலிலிருந்து வடக்கே செல்லும் வாகனங்கள் இந்து குஷ் மலையைச் சாலங் சுரங்கப்பாதை வழியே கடக்கின்றன. ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் 1964இல் திறக்கப்பட்டது அது. 2010 பிப்ரவரியில் அங்கு நேர்ந்த பனிச்சரிவுகளில் 160க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சுரங்கமில்லாத காலத்தில், வடக்கிலிருந்து வந்த இப்னு பதூதா குந்தூஸ் அருகே சுமார் 40 நாட்கள் காத்திருந்தார். கால்நடைகள் மேய்ந்து தேறவேண்டும் என்பது ஒரு காரணம், பனியச்சம் மற்றொன்று. வெப்பக் காலம் நன்கு தொடங்கிய பின்னரே குழு புறப்பட்டது. வைகறைக்கு முன் தொடங்கிக் கதிரவன் மறையும்வரை ஒரே நடை. ஒட்டகங்களின் கால்கள் பனியில் புதையாதிருக்க, அவற்றின் முன்னே கம்பளித் துணிகளை விரித்துக்கொண்டே சென்றனர். அது காவாக் கணவாயாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர்.

மலையின் பெயருக்கு அவர் தரும் விளக்கத்தை நாம் எளிதில் கடந்துவிட இயலாது. இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அடிமைச் சிறுவரும் சிறுமியரும் குளிரில் பெருந்தொகையாக மடிந்ததால் ‘இந்தியரைக் கொல்வது’ எனப் பெயர் வந்ததாம். பெயர்க் காரணம் குறித்து வேறு கருத்துகளும் உள. எனினும், அவ்வழியே மனிதர் சரக்காகச் சென்றனர் என்பதற்கு இது சான்றாகும். அவரும் அடிமைகளை வைத்திருந்தவரே. தம் பயண நூலில் அதனை மறைக்கவுமில்லை. ஆகவே, அச்சாவுகளை ஒரு வாக்கியத்தில் முடித்து, ஒட்டகங்களின் கால்களுக்கு வந்துவிடுகிறார். அடிமையை விடுவிப்பதை நற்செயலாகப் போற்றிய சமுதாயத்தில் இவ்வணிகம் எங்ஙனம் தழைத்தது என நாம் கேட்டாக வேண்டும்.

பஞ்ச்ஷேர் வழியே இறங்கிய அவர், ஹிஜ்ரி 734 முஹர்ரம் முதல் நாளன்று (செப்டம்பர் 1333) சிந்து நதியை அடைந்தார். எதிர்த்திசையில் நடத்தப்பட்டு மலையில் மடிந்த சிறாரில் ஒருவர் பெயரும் அந்நூலில் இல்லை.