துண்டாடலும் துன் சம்பந்தனும்

திரிங்காப் வட்டாரத் தேயிலை மலைகளில் தொழிலாளியின் வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டுண்டவை. வேலை போனால் லயமும் போகும். இவ்வச்சம் கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் 1950களில் மெய்யாயிற்று. விடுதலை நெருங்கவே ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். பால்மரம் சீவிய குடும்பங்கள் வேலையும் கூரையும் ஒருங்கே இழந்தன. தோட்டத் துண்டாடல் என்று தமிழர் அதனை அழைத்தனர்.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கியவர் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். அரசிடம் முறையிடுவதோடு அவர் அமையவில்லை. தோட்டந்தோறும் சென்று, மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கொன்று பெறுமாறு தொழிலாளரை வேண்டினார். அன்றைய கூலிக்கு அது சிறு தொகையன்று; கொடுத்தவர் வயிற்றைக் கட்டியே கொடுத்தனர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது முதலில் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம். கங்காணி முன் கைகட்டி நின்ற மரபினர் தோட்டத்தின் பங்குதாரராயினர். அவர்தம் மேடைப் பேச்சுகளினும் அந்தப் பங்குச்சீட்டே பெரிது.

ஆயினும் துண்டாடல் முற்றாக நின்றுவிடவில்லை. பங்குதாரரும் கூலி வேலையையே தொடர்ந்தனர். கேமரன் மலையிலோ 1929இல் தொடங்கிய போ நிறுவனம் ரசல் குடும்பத்தின் கையிலேயே நிலைத்தது. துண்டாடும் கத்தி அங்கு எட்டவில்லை. பின்னாளில் கொழுந்து பறிக்க வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் மலையேறினர். தமிழ்ப் பிள்ளைகள் பலர் படித்து நகரங்களுக்கு இறங்கினர்.