லான்சிங் எழுதிய ஒரு வாக்கியம்: டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் விற்பனை குறித்து

1917 மார்ச் 31 அன்று செயின்ட் தாமஸ் தீவில் டென்மார்க்கின் கொடி இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா ஜெர்மனிமீது போர் அறிவித்தது. இடையில் ஆறே நாள். இந்த நெருக்கத்தைப் பார்ப்பவர்க்கு, தீவுகள் மூன்றும் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி வாங்கப்பட்டவை என்று தோன்றுவது இயல்பு. அந்தத் தோற்றத்துக்கு உருக்கொடுத்தவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங். அவர் 1928இல் இறந்தார். 1931 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவர் கட்டுரையை வெளியிட்டது. பின்வந்தோர் பலர் அவர் வழியையே பிடித்துக்கொண்டனர்.

லான்சிங்கின் வாதம் இது: ஜெர்மனி டென்மார்க்கை விழுங்கினால் செயின்ட் தாமஸ் துறைமுகம் ஜெர்மனியின் கைக்குப் போகும்; பனாமா கால்வாயின் வாசலில் பகைவனின் கடற்படைத் தளம் உருவாகும். 1915 நவம்பரில் டேனிஷ் தூதர் கான்ஸ்டன்டின் புரூனிடம் அவர் இதைச் சொன்னார். அப்படியொரு நிலை வந்தால் அமெரிக்கா தீவுகளைத் தானே எடுத்துக்கொள்ள நேரிடும் என்பதையும் மறைக்கவில்லை. இந்த அச்சம் பொய் என்று நான் வாதிடவில்லை. ஹாம்பர்க்-அமெரிக்கக் கப்பல் நிறுவனம் செயின்ட் தாமஸில் காலூன்றியிருந்ததும் உண்மை. ஆனால் அச்சம் விலையைக் கூட்டியது, வேகத்தைக் கூட்டியது. விருப்பத்தை அது உண்டாக்கவில்லை.

விருப்பம் அரை நூற்றாண்டுப் பழமையது. 1867இல் இரண்டு தீவுகளுக்கு 75 லட்சம் டாலர் பேசி ஒப்பந்தம் எழுதினார்கள். அமெரிக்க செனட் அதைக் கிடப்பில் போட்டது. 1902இல் மூன்று தீவுகளுக்கும் 50 லட்சம் டாலர். இம்முறை செனட் ஒப்பியது, டேனிஷ் மேலவையில் 32க்கு 32 என வாக்குகள் சமமாகி ஒப்பந்தம் விழுந்தது. அப்போது உலகப் போர் ஏது? 1914 ஆகஸ்டில் கால்வாய் திறந்தது. 1915 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைத்தியில் இறங்கினார்கள். 1916இல் டொமினிகன் குடியரசு அவர்கள் கைக்குள் வந்தது. அதே 1916 ஆகஸ்ட் 4 அன்று தீவுகளின் ஒப்பந்தம் கையெழுத்தானது. லான்சிங்கின் கதையில் ஹைத்தியை ஓரமாக வைக்கலாம். கரீபியன் வரைபடத்தில் அதை ஓரமாக வைக்க முடியாது.

அந்த ஆறு நாளையும் பார்த்துவிடுவோம். ஒப்புதல் பத்திரங்கள் 1917 ஜனவரி 17 அன்று மாற்றிக்கொள்ளப்பட்டன. அன்றிலிருந்து 90 நாட்களுக்குள் 2.5 கோடி டாலரைத் தங்க நாணயமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது ஐந்தாம் பிரிவு. கெடு ஏப்ரல் 17 வரை நீள்கிறது. மார்ச் 31 அதற்குள் இயல்பாக விழும் நாள். ஜெர்மனி வரம்பற்ற நீர்மூழ்கிப் போரை அறிவித்ததோ ஜனவரி 31 அன்று, பத்திரங்கள் கைமாறி இரண்டு வாரம் கழித்து. போர் நெருங்கியதால் கைமாற்றத்தை விரைவுபடுத்தியிருக்கலாம். அதை நான் மறுக்க மாட்டேன். விற்பனைக்கே அதுதான் காரணம் என்பதற்கு இந்த நாட்காட்டி இடம் தரவில்லை.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது ஒப்பந்தத்துடன் அதே நாளில் லான்சிங் கொடுத்த அறிவிக்கை. அதன் உயிர் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது: டென்மார்க் தன் அரசியல், பொருளாதார நலன்களைக் கிரீன்லாந்து முழுவதற்கும் விரிவாக்கினால் அமெரிக்கா ஆட்சேபிக்காது. 1915 டிசம்பரில் கோபன்ஹேகன் கேட்டது, கிரீன்லாந்து முழுவதற்கும் தன் மேலாண்மையை விரிவாக்குவதற்கான ஏற்பு. கிடைத்ததோ 'ஆட்சேபிக்காது' என்ற எதிர்மறை வினை. 'மேலாண்மை' இருந்த இடத்தில் 'நலன்கள்' வந்து உட்கார்ந்தது. 'விரிவாக்கம்' மட்டும் இரு தரப்பிலும் மாறவில்லை. ஏற்கெனவே முழுவதும் தன்னுடையதாக இருக்கும் ஒன்றை யாராவது விரிவாக்குவார்களா?

இந்தக் கேள்வியை நார்வே கேட்டது. கிழக்குக் கிரீன்லாந்து யாருடையது என்ற வழக்கில், டென்மார்க் இப்படிப் பல நாடுகளிடம் போய் நின்றதே உரிமை இல்லை என்பதற்குச் சான்று என்று அது வாதிட்டது. ஹேக் நகரின் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் 1933 ஏப்ரல் 5 அன்று அதைத் தள்ளி, டென்மார்க் பக்கம் தீர்ப்பளித்தது. ஆங்காங்கே வரும் தனிச் சொற்களுக்கு அளவுக்கு மேல் எடை தரலாகாது, கடிதப் போக்குவரத்தை மொத்தமாகப் படிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சட்டத்துக்கு அது சரி. வரலாற்றுக்கு அந்தச் சொல்தான் சாட்சி. போர்க்காலத்தில் வல்லரசின் முன் நின்ற சிறிய நாடு, கடலில் மூன்று தீவை விட்டுக்கொடுத்து வடக்கே ஒரு பெருநிலத்துக்கு உறுதி தேடியது. அந்தத் தேடலின் பதற்றம் 'விரிவாக்க'த்தில் பதிந்திருக்கிறது. அமெரிக்காவிலும் இது சும்மா கொடுத்த சொல்லாகப் படவில்லை: வடதுருவப் பயணி ராபர்ட் பியரி அதே 1916இல், கிரீன்லாந்து அமெரிக்காவுக்கே வேண்டும் என்று வெளிப்படையாக வாதாடினார். ஆகவே டென்மார்க்குக்குக் கிடைத்த விலை தங்கம் மட்டுமல்ல, இந்த வாக்கியமும் என்பது என் துணிபு. 1902இன் தொகை ஐந்து மடங்கானதும் மனங்களை மாற்றியிருக்கும் என்பதால், இரண்டில் எது கனத்தது என்று தராசு பிடிக்க நான் முன்வரவில்லை.

1916 டிசம்பர் 14 அன்று டென்மார்க்கில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 2,83,670 பேர் விற்பனையை ஏற்றனர், 1,58,157 பேர் மறுத்தனர். முந்தைய ஆண்டின் அரசியல் சட்டத்தால் வாக்குரிமை பெற்ற டேனிஷ் பெண்களும் வாக்களித்தனர். தீவு மக்களுக்கு அதில் வாக்கில்லை. 1868 ஜனவரியில் செயின்ட் தாமஸிலும் செயின்ட் ஜானிலும் மக்களைக் கேட்டிருந்தார்கள். 1916இல் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. தமிழ் வாசகர்க்கு இதற்கும் முந்தைய ஒன்று நினைவில் இருக்கும். 1845இல் இதே டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் 12½ லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றபோது, டேன்ஸ்போர்க் கோட்டையின் நிழலில் வாழ்ந்த மீனவரையும் நெசவாளரையும் யாரும் கேட்கவில்லை. 1916 ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு, தீவு மக்களின் குடியுரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரஸ் பிறகு தீர்மானிக்கும் என்று விட்டுவைத்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1927இல்.