விருந்தாளிக்கு ஒரு கலர்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ‘கலர்’ என்றால் நிறமும் இனிப்பும் வாயுவும் ஏற்றிய புட்டி பானம். வீட்டுக்கு வந்தவருக்குக் கலர் உடைத்துக் கொடுப்பது இங்கே ஏறத்தாழ நூறாண்டு வழக்கம். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவை மோரும், பானகமும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பதநீரும்.

இது மழை குறைந்த கரிசல் பூமி. நெல்லுக்குத் தண்ணீர் போதாத இடத்தில் பருத்தியும் கம்பும் விளைந்தன; பனை தானாக நின்றது. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது ஒரே சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதநீராகும்; தடவாவிட்டால் கள்ளாகும். ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவே உள்ள வேலி. விடியற்காலையில் இறக்கிய பதநீரை வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். மிஞ்சியது காய்ச்சக் காய்ச்சக் கருப்பட்டியாகும். பச்சைப் பனையோலையைக் குவித்துக் கட்டிய பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கைச் சுளையாக நோண்டிப் போட்டுக் குடிப்பது கோடைக்காலத்து உபசாரம். கலந்து குடிக்கும் பானம் என்று இந்த மண்ணில் முதலில் சொல்லத்தக்கது இதுதான்.

கள்ளை விலக்கும் எண்ணம் சட்டத்துக்கு முன்பே இங்கு வந்துவிட்டது. பனைத் தொழிலிலிருந்து வணிகத்துக்கு நகர்ந்த நாடார்கள் விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் மகமை என்ற பொதுநிதி வசூலித்துப் பள்ளிகளும் பொதுக் காரியங்களும் நடத்தினர். 1910-ல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் கள் இறக்குவதையும் குடிப்பதையும் விடச் சொன்னது. அதனால் கடைவீதிக் குடும்பங்களின் விசேஷங்களுக்கு, போதையில்லாமலும் பகட்டாகவும் ஒரு பானம் வேண்டியிருந்தது.

அதைக் கொண்டுவந்தது சோடாப் புட்டி. இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை பெற்ற புட்டியின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி கிடக்கும். வாயு ஏற்றிய நீரை அடைத்துப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்தால், உள்ளழுத்தம் கோலியை வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவிடும். தனி மூடி தேவையில்லை. புட்டியைக் கழுவித் திரும்பத் திரும்ப நிரப்பலாம். திறக்கக் கட்டைவிரலோ மரக்குமிழோ போதும். ‘டப்’ என்ற ஓசையோடு கோலி உள்ளே விழுந்து, கழுத்தின் பள்ளத்தில் தங்கி நிற்கும். பள்ளம் இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துச் சாய்த்துக் குடிக்கத் தெரியாதவருக்குக் கோலி வந்து வாயை அடைக்கும். அதுவே பந்தியில் ஒரு வேடிக்கை. சில சமயம் புட்டி வெடித்துவிடும் என்பதால் நிரப்பும்போது அதை இரும்புக் கூட்டுக்குள் வைத்துச் சுற்றுவார்கள்.

1916-ல் பி.வி.எஸ்.கே. பழனியப்பன் காளிமார்க் குளிர்பான நிறுவனத்தைத் தொடங்கியது விருதுநகரில்தான். அப்போது ஊரின் பெயர் விருதுபட்டி. மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை 1876-லேயே வந்துவிட்டதால், மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய் வாங்க வெளியூர் வியாபாரிகள் நாள்தோறும் வந்திறங்கும் சந்தை அது. தாகமும் காசும் ஒரே தெருவில் இருந்தன. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் காய்வதற்கு உதவிய அதே வறண்ட வெயில், சோடாக் கடைக்காரருக்கும் உதவியது. பன்னீர் சோடா, எலுமிச்சை பிழிந்து உப்பிட்ட சோடா, நன்னாரி சர்பத்தில் ஊற்றிய சோடா என்று கடைக்காரரின் கைக் கலவைகள் பெருகின.

மதுவிலக்கு இந்த வழக்கத்தை உறுதிப்படுத்தியது. 1937-ல் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கியது, 1948-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971 வரை நீடித்த அந்தக் காலத்தில் ஒரு தலைமுறையே கலரை விருந்தின் பானமாக அறிந்து வளர்ந்தது. காளிமார்க்கின் பொவண்டோ 1950களின் இறுதியில் வந்தது. கருஞ்சிவப்பு நிறமும் திராட்சை வாடையும் கொண்ட அது, மற்ற கலர்களைவிட ஒருபடி உயர்ந்த மரியாதையாயிற்று.

வீட்டில் நடந்தது இப்படி. பத்து, பதினொரு மணிக்கு உறவினர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஓடிப் போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வாடா” என்று பின்வாசல் வழியே பையன் விரட்டப்படுவான். காலிப் புட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்பதால் கடைக்காரர் முன்பணம் வாங்குவார், அல்லது முகத்தை நினைவில் வைத்துக்கொள்வார். கலர் எவர்சில்வர் டம்ளரில் வரும். பக்கத்தில் சாத்தூர் காராச்சேவு. வந்தவர் குடித்த பிறகு டம்ளரின் அடியில் மிஞ்சியது பையனுக்கு.

கலருக்கு இரண்டு வசதிகள் இருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் சம்பந்தம் முடிவாகும் முன் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது மரபு. கலர் குடித்தால் அது சாப்பாடாகாது. ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிய குறையும் இல்லை. இன்னொன்று கசப்பானது: சாதி பார்த்துச் சில வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களும், கண்முன்னே உடைத்த புட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். உபசாரம் போலத் தோன்றிய அது, தீண்டாமைக்குப் போட்ட ஒட்டுதான்.

1971-ல் திறந்து, பின்னர் மூடப்பட்ட மதுக்கடைகள் 1981-ல் மீண்டும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் உருவானது. ஆனாலும் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டு விசேஷத்தில் மதுக் கோப்பை வெளிப்படையாக நீட்டப்படுவது இங்கே அரிது. அது மாடிக்கோ தோப்புக்கோ ஒதுங்கும். கூடத்தில் கலர்தான் சுற்றிவரும். கலருக்குப் போட்டி வேறு திசையிலிருந்து வந்தது. 1990-ல் பெப்சி இந்தியச் சந்தைக்குள் நுழைந்து, 1993-ல் கோகோ கோலாவும் திரும்பி வந்த பின் உள்ளூர்ச் சோடாக் கம்பெனிகள் பல மூடப்பட்டன. காளிமார்க் தாக்குப்பிடித்தது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தையொட்டி, மார்ச் 1 முதல் அவ்விரு நிறுவனங்களின் பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது, பொவண்டோவின் பெயர் மறுபடியும் ஊர் ஊராகப் பேசப்பட்டது.

பிளாஸ்டிக் புட்டி வந்ததும் காலிப் புட்டிக்கு முன்பணம் வாங்கும் வழக்கம் போயிற்று. பதநீர் இன்னும் கோடையில் நெடுஞ்சாலையோரம் பட்டையில் கிடைக்கிறது. அதே மரத்துக் கள்ளை இறக்குவது தமிழ்நாட்டில் இன்றும் குற்றம்.