உரிக்காத தோல்

நெமிலியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் திடீர்ச் சாவுகளை வகை பிரித்தே பேசுவார்கள். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடு துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி. கழுத்து வீங்கி மூச்சுத் திணறி மாடு சாய்ந்தால் தொண்டை அடைப்பான். தொடைச் சதை வீங்கி, அழுத்தும்போது நறநறவென்று ஒலித்தால் சப்பை நோய். முதல் நாள் சாயங்காலம் வரை அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு, விடியும்போது வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் கசியக் கிடந்தால் அது அடைப்பான். மற்றவை மந்தையோடு போகும். அடைப்பான் மனிதருக்கும் வரும். செத்த மாட்டைத் தொட்டவருக்கு வரும், அறுத்தவருக்கு வரும், அதன் தோலைத் தோளில் சுமந்தவருக்கும் வரும்.

தோல்தான் இந்த வட்டாரத்தின் கதை. நெமிலி இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 2019 வரை வேலூர் மாவட்டம், 1989-க்கு முன் பழைய வட ஆற்காடு. விவசாயமும் நெசவும் நடக்கும் ஊர் அது. மேற்கே பாலாற்றை ஒட்டிப் போனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, கொஞ்சம் விலகிப் பேர்ணாம்பட்டு என்று தோல் ஊர்கள் வரிசையாக வரும். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது. அங்கே அதற்கு ‘ஈஸ்ட் இந்தியா கிப்’ என்று பெயர். பாதி பதனிட்ட அந்தத் தோலை வாங்கி, அங்கே மேல்வேலை செய்து காலணி ஆக்கினார்கள்.

தோலுக்கு விலை இருந்த காலத்தில் செத்த மாட்டுக்கும் விலை இருந்தது. இறைச்சிக்காக வெட்டிய மாட்டின் தோலோடு, வயலிலும் தொழுவத்திலும் தானாகச் செத்த மாட்டின் தோலும் மண்டிக்கு வந்து சேர்ந்தது. அந்த மாட்டை இழுத்துப்போய் உரிக்கும் வேலையை ஊர் ஒடுக்கப்பட்ட மக்கள் தலையில் கட்டியிருந்தது. கூலியாகப் பெரும்பாலும் அந்தத் தோலும் இறைச்சியும்தான் கிடைத்தன. எதனால் செத்தது என்று கேட்கும் வசதி அவர்களுக்கு இருந்ததில்லை. நோயின் முழு ஆபத்தும் சமூகத்தின் கடைசிப் படியில் நின்றவர்களின் வெறுங்கையில் வந்து இறங்கியது. இதைச் சொல்லாமல் தோல் வணிகத்தின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறுதான்.

பழியும் அவர்கள் மேலேயே விழுந்தது. வட இந்தியாவில், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில், மாடுகள் கூட்டமாகச் செத்தபோது தோலுக்காக, உரிக்கும் வேலை செய்த சமார் மக்கள் விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். விஷம் வைத்த நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வெக்கை நோயும் அடைப்பானும் நாடெங்கும் மந்தைகளை அழித்த காலம் அது. கால்நடைக் கொள்ளைநோய்களை ஆராய ஹாலன் தலைமையில் அமைந்த ஆணையம் 1871-இல் அறிக்கை தந்தபோது, நோய்க்கிருமி என்ற கருத்தே உலக மருத்துவத்தில் இன்னும் உறுதியாகவில்லை. காரணம் தெரியாத சாவுக்கு ஓர் ஆளைக் காரணமாக்குவது எளிதாக இருந்தது. 1927-இல் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டை இழுக்கும் வேலையையும் அதன் இறைச்சியையும் விட்டுவிடச் சொன்னது தன்மானத்துக்காக. அதைக் கேட்டு விட்டவர்களின் உடம்பும் தப்பியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடைப்பானின் கிருமியை முதலில் முழுமையாகப் படித்தவர் ராபர்ட் கோக். 1876-இல், ஒரு சிறிய ஊரில் மருத்துவராக இருந்துகொண்டு, அது வித்தாக மாறுவதையும் வித்திலிருந்து மீண்டும் உயிர்ப்பதையும் அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். அந்த வித்துதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். செத்த மாட்டின் உடலுக்குள் இருக்கும் கிருமிக்கு வித்தாக மாறக் காற்று வேண்டும். உடலைக் கிழிக்காமல் விட்டால், உள்ளே அழுகல் தொடங்கி, சில நாட்களில் பெரும்பாலான கிருமிகள் மடிந்துபோகும். கத்தி பட்டு இரத்தம் வெளியே வந்தால், காற்றுப் பட்ட இரத்தத்தில் வித்துகள் உருவாகும். அவை மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவில் 1942-இல் பிரிட்டிஷ் இராணுவம் அடைப்பான் வித்துகளை வெடித்துச் சோதனை செய்தது. தீவு முழுவதும் பார்மால்டிகைடு தெளித்துச் சுத்தப்படுத்தி, ஆபத்தில்லை என்று அறிவிக்க 1990 ஆகிவிட்டது.

ஆக, தோலை உரித்த கை நோயை வாங்கியதோடு நிற்கவில்லை. அந்த இடத்து மண்ணிலும் நோயை விதைத்தது. அடுத்த மழையில் அங்கே முளைத்த புல்லை மேய்ந்த ஆடு செத்தது. அந்த ஆட்டின் தோலையும் யாரோ உரித்தார்கள்.

தோலோடு நோயும் கப்பலேறியது. லண்டனில் பெர்மண்ட்சி பகுதித் தோல் ஆலைகளிலும் துறைமுகக் கிடங்குகளிலும் வேலை செய்தவர்கள், கழுத்திலும் முன்கையிலும் கறுத்த பொருக்கோடு பக்கத்திலிருந்த கைஸ் மருத்துவமனைக்கு வந்தார்கள். பொருக்கைச் சுற்றி வீக்கம் இருக்கும், வலி இருக்காது. வலிக்காததால்தான் பலர் தாமதமாக வந்தார்கள். பிராட்போர்டு நகரில் உரோமம் பிரிக்கும் தொழிலாளர்கள் காலையில் காய்ச்சல் என்று படுத்து ஓரிரு நாளில் இறந்தபோது, அதுவும் அடைப்பான்தான் என்று 1880 வாக்கில் நிறுவியவர் ஜான் ஹென்றி பெல் என்ற உள்ளூர் மருத்துவர். பிரிட்டன் 1919-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 1921-இல் லிவர்பூலில் உரோமத்தைச் சுத்திகரிக்க ஒரு நிலையம் திறந்தார்கள். இந்தியாவிலிருந்து போன ஆட்டு மயிரும் ஆபத்தானவற்றின் பட்டியலில் இருந்தது. அங்கே இறங்கும் சரக்கைக் கழுவ ஏற்பாடு இருந்தது. இங்கே ஏற்றியவர்களின் கையைக் கழுவ அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டையும் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்ப இடமில்லை. வித்துகள் இரண்டையும் தாங்கும். ஐரோப்பாவில் தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த புல்வெளிகளில் மாடுகள் செத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் தோலைப் பதனிடும் முன்பே சோதிக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1911-இல் இத்தாலியரான அஸ்கோலி அதைக் கொடுத்தார். சந்தேகப்படும் தோலின் துண்டைக் கொதிக்கவைத்து வடிகட்டி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைப்பானுக்கு எதிரான ஊநீரின் மேல் மெதுவாக ஊற்றவேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் சில நிமிடங்களில் வெள்ளை வளையம் தெரிந்தால் அது அடைப்பான் மாட்டின் தோல். கிருமி செத்துப்போயிருந்தாலும், தோல் காய்ந்து கிடந்தாலும், இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். அதற்கு வேண்டிய ஊநீரை முயல்களிலிருந்தும் எடுப்பார்கள்.

பாலாற்றங்கரைக்கு விடை வந்தது ராணிப்பேட்டையில் இன்று இருக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தின் வழியாக. 1932-இல் சீரம் நிலையமாகத் தொடங்கிய அதன் முதல் வேலை வெக்கை நோய்க்கு எதிர்ப்பு ஊநீர் தயாரிப்பது. வெக்கை நோய் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். அந்த நீண்ட போரில் இந்த நிலையத்துக்கும் பங்கு இருந்தது. அடைப்பானுக்குத் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் 1937-இல் உருவாக்கிய, நோய் தராத வித்து வகையிலிருந்து வந்த தடுப்பூசிதான் இன்றும் உலகெங்கும் மாடுகளுக்குப் போடப்படுகிறது. ராணிப்பேட்டையிலும் அடைப்பான் வித்துத் தடுப்பூசி தயாராகிறது. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, ஆட்டுக்குத் துள்ளுமாரி தடுப்பூசி என்று தமிழ்நாட்டுக் கால்நடை மருந்தகங்களின் குளிர்ப்பெட்டியில் இருப்பவற்றில் பல இங்கிருந்து போனவை. தோலால் பெயர் பெற்ற ஊரில், உரிக்கக் கூடாத தோல் எது என்று சொல்லும் நிலையமும் இருப்பது இந்த மாவட்டத்துக்குப் பெருமை. அது போதிய அளவு பேசப்படவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும் முறையும் இந்த வரலாற்றிலிருந்து பிறந்ததே. அடைப்பான் என்று சந்தேகம் வந்தால் உடலை அறுத்துப் பார்க்கமாட்டார். காதின் இரத்த நாளத்தில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்ப்பார். பழைய மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றினால், முனை வெட்டினாற்போன்ற நீலக் குச்சிகளும் அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தெரியும். மெக்ஃபாடியன் 1903-இல் சொன்ன முறை அது. அதன் பிறகு வேலை, உடலை அப்படியே எரிப்பதோ ஆழக் குழி வெட்டிப் புதைப்பதோதான். தோல் போகிறதே என்று மாட்டுக்காரர் கலங்குவது இயல்பு. அந்தத் தோலின் விலையைவிட அதை உரிப்பதால் வரும் செலவு எத்தனையோ மடங்கு.

முயல் வளர்க்கும் வீடுகள் இப்போது இந்த ஊர்களிலும் உண்டு. கூண்டில் இரவு நன்றாக இருந்த முயல் காலையில் விறைத்துக் கிடப்பதைப் பார்த்துப் பதறும் குழந்தைகளும் உண்டு. முயலுக்கு மிகப் பெரும்பாலும் காரணம் அடைப்பான் இல்லை. வேலூர்ப் பக்கத்துக் கோடை வெயிலே ஒரு காரணம், தகரக் கூரையின் கீழ் முயல் தாங்காது. குடலைத் தாக்கும் இரத்தக் கழிச்சல், திடீர்த் தீவன மாற்றத்தால் வரும் வயிற்று நஞ்சு, மூக்கொழுகலோடு வரும் பாஸ்சுரெல்லா நோய் ஆகியவை மற்ற காரணங்கள். வெளிநாட்டில் முயல்களுக்குத் திடீர்ச் சாவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது இரத்தக் கசிவு நோய். 1984-இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து வந்த அங்கோரா முயல்களுக்குப் பின்னால் அது தலைகாட்டியது. ஓராண்டுக்குள் 14 கோடி முயல்கள் மாண்டதாகச் சொல்கிறார்கள். அந்த வைரஸ் மனிதரைத் தாக்காது. ஆனால் செத்த முயலின் உடலிலும் உரோமத் தோலிலும் மாதக்கணக்கில் தாங்கி, அடுத்த ஊருக்குப் போகும். அந்த நோயைக் கடத்துபவற்றிலும் தோல் ஒன்று. இறந்த முயலை வீட்டில் அறுக்காமல், பையில் சுற்றிக் குளிர்ச்சியாக வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் காரணம் தெரிய வாய்ப்பு உண்டு.

அடைப்பானுக்குத் திரும்பினால், மனிதர்களின் பக்கத்துக் கணக்கை எடுத்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர். 1980களில் டி. ஜேக்கப் ஜானும் அவருடன் இருந்தவர்களும் வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஒரு நோய்க் கண்காணிப்பு ஏற்பாட்டை அமைத்தார்கள். அச்சடித்த அஞ்சலட்டைகளை அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவர்களுக்கும் கொடுத்தார்கள். சந்தேகத்துக்குரிய நோயாளி வந்தால் விவரத்தை நிரப்பித் தபாலில் போட்டால் போதும். திரும்ப மாதந்தோறும் ஒரு செய்தி மடல் வந்து, யார் என்ன அனுப்பினார்கள், எங்கே என்ன பரவுகிறது என்று சொல்லும். கணினி பரவலாக இல்லாத காலத்தில், ஓர் அஞ்சலட்டைச் செலவில், ஒரு மாவட்டம் முழுவதும் நோயின் நடமாட்டத்தைப் பார்க்க முடிந்தது. 1998-இல் ‘லான்செட்’ இதழ் அதை வளரும் நாடுகளுக்கு ஒரு முன்மாதிரியாக வெளியிட்டது. அடைப்பான் மூளையைத் தாக்கி ஆட்களைக் கொன்ற ஒரு பரவலைப் பற்றி இதே கல்லூரியின் மருத்துவர்கள் 1994-இல் எழுதியிருந்தார்கள்.

2004-இல் நாடு தழுவிய நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. மாவட்டங்களிலிருந்து மனிதர்களின் காய்ச்சலும் கழிச்சலும் அதில் ஏறுகின்றன. அதே தெருவில் அந்த வாரம் செத்த ஆட்டின் விவரம் கால்நடைத் துறையின் வேறொரு ஏட்டில் ஏறுகிறது. கையில் கறுத்த பொருக்கோடு ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், பத்து நாளைக்கு முன் அவர் எந்த ஆட்டை உரித்தார் என்ற கேள்வியை இன்றும் அங்கே இருக்கும் செவிலியரோ மருத்துவரோ தாமாக நினைத்துத்தான் கேட்கவேண்டும்.