அக்குபிரஷர்: புற்றுநோய்ச் சிகிச்சைக்காலப் பதற்றமும் மணிக்கட்டுப் புள்ளியும்

புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் பயம், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்க, உடலின் சில புள்ளிகளை விரலால் அழுத்திவிடும் துணைமுறை அக்குபிரஷர். புள்ளிகள் அக்குபஞ்சருக்கு உரியவையே. ஊசி மட்டும் இல்லை. நோயை இது குணப்படுத்தாது. சிகிச்சையைத் தாங்கிக்கொள்ளச் சற்றே கைகொடுக்கும், அவ்வளவுதான்.

அதிகம் ஆராயப்பட்ட புள்ளி பி6. சீனப் பெயர் நெய்குவான். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, மணிக்கட்டு மடிப்பை ஒட்டி மறுகையின் மூன்று விரல்களைக் குறுக்கே வைக்க வேண்டும். மோதிரவிரல் மடிப்பின் மேல் இருந்தால், சுட்டுவிரலுக்கு அடுத்து, புடைத்துத் தெரியும் இரு தசைநாண்களுக்கு நடுவே அந்த இடம் அகப்படும். கட்டைவிரலால் வலிக்காத அளவுக்கு அழுத்தி, 2 அல்லது 3 நிமிடம் மெல்ல வட்டமாகத் தேய்த்துவிட்டு, அடுத்த கைக்கு மாறலாம்.

இந்தப் புள்ளிக்கும் கடலுக்கும் பழைய உறவு உண்டு. கப்பல் பயணக் குமட்டலுக்கென விற்கும், உட்புறம் பிளாஸ்டிக் குமிழ் வைத்த மணிக்கட்டுப் பட்டை அழுத்துவதும் இதைத்தான். நோயாளிகள் கடல் தாண்டியே சிகிச்சைக்குப் போக வேண்டிய அந்தமானில், போர்ட் பிளேரின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு ஹட் பே, ஹேவ்லாக், நீல் தீவுகளிலிருந்து கப்பல்கள் வந்து போகின்றன. வெளித்தீவு நோயாளிக்கு ஜெட்டியில் இறங்கி ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போவதே பாதி வழிதான். மேல்சிகிச்சைக்குச் சென்னை என்றாகிவிட்டால் விமானத்தில் 2 மணி நேரத்துக்கு மேல், கப்பலில் ஏறத்தாழ 3 நாள். டிக்கெட், தங்குமிடம், கூட வரும் ஆள் என்று முதல் கீமோவுக்கு முன்பே பதற்றம் தொடங்கிவிடுகிறது.

பதற்றமும் குமட்டலும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சில முறை கீமோ எடுத்தவருக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டதுமே, மருந்து ஏறுவதற்கு முன்பே, வயிற்றைப் புரட்டும். பி6 ஆய்வுகள் பெரும்பாலும் குமட்டலிலிருந்தே கிளம்பின. 1980களில் பெல்ஃபாஸ்ட்டில் மயக்கவியல் மருத்துவர் ஜான் டன்டீ செய்தவை அவற்றில் முக்கியமானவை.

முடிவுகள் ஒரே பக்கம் சாயவில்லை. பிரிட்டனில் 500 கீமோ நோயாளிகளிடம் மணிக்கட்டுப் பட்டையைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில், அசல் பட்டைக்கும் போலிப் பட்டைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 288 பெண்களிடம் மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் (2016), தமக்குத்தாமே செய்த அக்குபிரஷர் களைப்பைக் குறைத்தது. தளர்வு தரும் புள்ளிகளை அழுத்தியவர்களுக்குத் தூக்கமும் மேம்பட்டது. பதற்றத்தையே நேரடியாக அளந்த ஆய்வுகள் ஈரான் போன்ற நாடுகளில் நடந்து, நல்ல பலனைக் காட்டியுள்ளன. ஆனால் அவை சிறியவை. அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனித்தபடி கையைப் பிடித்துவிடுவதே பாதி மருந்தாகிவிடுவதால், புள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இது ஆய்வாளரின் தலைவலி. நோயாளி கவலைப்பட வேண்டியதில்லை. பதற்றத்துக்கு மனவிழிப்புப் பயிற்சிக்கும் யோகாவுக்கும் அக்குபிரஷரைவிட வலுவான சான்று இருப்பதையும் சொல்லியாக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை கொஞ்சமல்ல. கீமோவால் பிளேட்லெட் குறைந்திருக்கும்போது அழுத்தினால் தோல் கன்றிப்போகும். நிணநீர் வீக்கம் உள்ள கை, ரத்த உறைவு உள்ள கால், கட்டி இருக்கும் இடம், கதிர்வீச்சுப் பட்டு நொந்த தோல், மருந்து ஏற்றும் குழாய் இருக்கும் பக்கம் ஆகியவற்றைத் தொடக்கூடாது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் அங்கே அழுத்தம் கூடவே கூடாது. கர்ப்பிணிகளுக்குச் சில புள்ளிகள் விலக்கு. கீமோவை நிறுத்து, புள்ளியே போதும் என்று சொல்பவரிடம் கையை நீட்டாமல் இருப்பது உத்தமம்.

பதற்றத்தால் சாப்பாடும் தூக்கமும் கெட்டால், அல்லது அடுத்த கீமோவுக்கே போக மனம் மறுத்தால், விரல் அழுத்தம் போதாது. ஆலோசனையும் தேவையானால் மருந்தும் வேண்டும். மனநல மருத்துவர் எட்டாத் தொலைவில் இருக்கும் தீவுகளிலிருந்தும் அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.