கெல்லி மாளிகை: கல்லா, செங்கல்லா?

பேரா மாநிலத்தில் பத்து காஜாவுக்கு அருகே நிற்கும் கெல்லி மாளிகையைக் 'கற்கோட்டை' என்றே நம் மாணவர்கள் பலரும் சுற்றுலாக் கட்டுரைகளில் எழுதுகின்றனர். அது கோட்டையும் அன்று. அதன் சுவர்கள் கல்லும் அல்ல. காரை உதிர்ந்த இடங்களில் சிவந்த செங்கல் தெரிகின்றது. ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கல்மாளிகையின் தோற்றத்தை, நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பச் செங்கல்லில் எழுப்ப முயன்ற தோட்டத்துரையின் வீடு அது.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, இருபது வயதில் மலாயா வந்தவர். காடு திருத்தும் ஒப்பந்தத்தில் பொருளீட்டி, ரப்பர்த் தோட்டத்துக்கு உரிமையாளரானார். 1909 வாக்கில் ஒரு வீடு கட்டினார். அது போதாமல் 1915இல் அதனருகிலேயே இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். முதல் வீட்டின் இடிபாடுகள் இன்றும் பக்கத்திலேயே உள்ளன.

கட்டடப் பாணியோ ஒரு கலவை. சதுரக் கோபுரம் ஸ்காட்லாந்தை நினைவூட்டும். தாழ்வாரங்களின் வளைவுகளோ மூரிய, இந்தோ சாரசெனிக் பாணியைச் சேர்ந்தவை. 1892இல் கட்டிமுடிக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றமும் இந்தோ சாரசெனிக் பாணியினதே. அகன்ற தாழ்வாரம் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றது. கோபுரத்தினுள் மின்தூக்கிக்கென விட்ட செங்குத்தான வெற்றிடம் அப்படியே இருக்கின்றது. மின்தூக்கி வரவேயில்லை. பூசி முடித்த அரண்மனையில் காண இயலாத சுவரின் கனத்தையும் வளைவைத் தாங்கும் செங்கல் அடுக்கையும் இங்கே வெறுங்கண்ணால் காணலாம். பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லும் நேரத்தில் இதைக் காட்டலாமே என்பது என் ஆதங்கம்.

செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டன என்பர். கட்டியவர்களும் அங்கிருந்து வந்தவர்களே. அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத் தமிழர். முதல் உலகப் போரின் இறுதியில் ஸ்பானியக் காய்ச்சல் பரவியபோது பாட்டாளிகள் பலர் மாண்டனர். எஞ்சியோர் அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டுமெனத் துரையிடம் கேட்டதாகவும், அவர் இசைந்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது.

1926இல் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் கெல்லி இறந்தார். வேலை நின்றது, குடும்பம் சொத்தை விற்றுவிட்டுத் தாயகம் திரும்பியது. ஆளற்ற மாளிகையைக் காடு மூடியது.

கோயில் நிலைத்தது. மாளிகையிலிருந்து சிறிது தொலைவில் உள்ள அம்மாரியம்மன் கோயிலின் மேற்புறத்தில், தெய்வத் திருவுருவங்களுக்கு நடுவே வெள்ளை உடையும் வெயில்தொப்பியும் அணிந்த துரை ஒருவரின் சிலை நிற்கின்றது. அவரே கெல்லி என்பர்.