ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய பிரெஞ்சு மண் ஜாடிகளைச் சேகரிக்க உங்களுக்கு ஆசையா? முதலில் தெற்கு பிரான்சில் உள்ள வல்லோரிஸ் என்ற ஊரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வல்லோரிஸ் தலைமுறை தலைமுறையாகச் சமையல் பானை செய்துவந்த ஊர். அலுமினியப் பாத்திரங்கள் வந்ததும் மண்பானைக்கு மவுசு குறைந்தது. பல சூளைகள் அணைந்தன. 1946-ல் அங்கு நடந்த மண்பாண்டக் கண்காட்சியைப் பார்க்க ஓவியர் பிக்காசோ வந்தார். சுசான், ஜார்ஜ் ராமியே தம்பதியின் மதூரா பட்டறையில் சில உருவங்களைச் செய்துபார்த்தார். மறு ஆண்டு திரும்பி வந்து முழுமூச்சாக இறங்கினார். ரோஜே கப்ரோன் போன்ற இளம் கலைஞர்களும் அவ்வூரில் பட்டறை அமைத்தார்கள். ஊர் மறுபடி தலைதூக்கியது.

1947 முதல் 1971 வரை பிக்காசோவின் 633 வடிவங்களை மதூரா பட்டறை குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிரதி செய்து விற்றது. சிலவற்றில் 25 பிரதிகள், சிலவற்றில் 500.

ஆகவே பணம் கொடுக்கும் முன் ஜாடியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். 'எதிசியோன் பிக்காசோ' என்றிருந்தால், அவருடைய மாதிரியைப் பார்த்துப் பட்டறைத் தொழிலாளர்கள் கையால் செய்த பிரதி என்று பொருள். அது போலி அல்ல. ஆனால் பிக்காசோவின் கை பட்டதும் அல்ல. அதற்கேற்ற விலையை மட்டும் கொடுங்கள்.

பிக்காசோவுக்காக அங்கே சக்கரம் சுற்றிய குயவர் ஜூல் அகார். ஜாடியை வீட்டில் வைத்தால், வருகிறவர்களிடம் அவர் பெயரையும் சொல்லுங்கள்.